தெற்குப் பார்த்து மாட்டிய சம்பந்திகள்

எங்கள் கடையில் இப்போது இருக்கும் திவ்யாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். வாடிக்கையாளரை எதிரில் நிற்க வைத்துக்கொண்டே எனக்குப் போனில் படம் அனுப்புவாள். "அக்கா, இதுக்கு பல்பு வெக்கறதா, வேணாமா?" என்று கீழே ஒரு கேள்வி இருக்கும். நான் வேலையை விட்டு நின்றுவிட்டேன் என்பது அந்தப் பெண்ணுக்கு இன்னும் உறைக்கவே இல்லை. போன வாரம் அனுப்பியது ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் ஓவியம். யாரோ போனில் தேடி எடுத்து, பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்லம்பள்ளிப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் இப்போது ஹாலில் இந்த மாதிரிதான் கேட்கிறார்களாம்.

"அடியே, கை வெக்காத! நான் சொல்றவரைக்கும் எதையும் தொடாத!" என்று போனிலேயே கத்தினேன். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கத்தியைக் கீழே போட்டுவிட்டார். நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று அவளுக்கு விளக்கப் போய், அது நீண்டு, "அக்கா, எழுதியே குடுத்துடுங்க, எல்லாரும் படிக்கறோம்" என்று சொல்லிவிட்டாள். இவளுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. எனக்கும்தான். அதனால் எழுதுகிறேன்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ஒரு கண்ணாடி, பிரேம் கடையில் என் காலம் போனது. கண்ணாடி அறுப்பது என் வேலை. பயிற்சி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருடம் கண்ணாடி துடைத்தேன், அடுத்த வருடம் கண்ணாடி உடைத்தேன், அதற்கடுத்த வருடம் மற்றவர்கள் உடைத்ததற்குத் திட்டினேன். அத்தோடு தொழில் வந்துவிட்டது.

கண்ணாடி அறுக்கும்போது பேசக் கூடாது. எனக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கட்டரின் நுனியை மண்ணெண்ணெயில் நனைத்து, மரச்சட்டத்தை ஒட்டி வைத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். 'க்ரீச்' என்று சத்தம் விடாமல் வர வேண்டும். நடுவில் சத்தம் நின்றால் கண்ணாடி அந்த இடத்தில் கோணிக்கொண்டு போய்விடும். சரியாக விழவில்லையே என்று போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு தடவை இழுத்தால் தீர்ந்தது, கட்டரும் போச்சு, கண்ணாடியும் போச்சு. அச்சுப் படமாக இருந்தால் அது கண்ணாடியைத் தொடவே கூடாது. நாலு ஓரத்திலும் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தடித்த அட்டை கொடுக்க வேண்டும். சோம்பேறித்தனப்பட்டு அட்டை இல்லாமல் போட்டுக் கொடுத்தால் ஐப்பசி மழையில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்து எடுத்தால் மூக்கு கண்ணாடியிலும் மீதி முகம் காகிதத்திலும் இருக்கும். சாமி படத்துக்கு அப்படி ஆகிவிட்டால் அந்த வீட்டுக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது?

இதெல்லாம் கை வேலை. கடையின் உண்மையான வேலை முதலாளியின் வாயில் இருந்தது.

எங்கள் முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அளவெடுக்கும்போது "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று தனக்குள் முணுமுணுப்பார். கோபம், சிரிப்பு, வாடிக்கை எல்லாம் தமிழில்தான். ஒருவர் ஒரு போட்டோவைக் கொண்டுவந்து நீட்டினால் அவர் முகத்தை முதலாளி பார்க்க மாட்டார். கையில் இருக்கும் டேப்பைப் பார்த்தபடி, ரொம்பத் தாழ்ந்த குரலில், "இருக்காங்களா?" என்பார். அவ்வளவுதான் கேள்வி. "இருக்காங்க" என்றால் மரக்கலரிலோ தங்கக்கலரிலோ பிரேம், சுவரில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டலாம். "இல்லீங்க" என்றால் எல்லாமே மாறிவிடும். மேலே இரண்டு மூலையிலும் மாலை தொங்கவிடச் சின்னக் கொக்கி, கீழே எந்நேரமும் எரிய ஒரு சிவப்பு பல்பு, தெற்குப் பார்த்து மாட்ட வேண்டும். அந்தப் படத்தை வேலையாள் கொண்டுபோக மாட்டான். முதலாளியே குளித்துவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு, வண்டியில் முன்னால் நிற்க வைத்து எடுத்துப் போவார். தன் கையால் மாட்டி, ஒரு கும்பிடு போட்டு, போன இடத்தில் காபிகூடக் குடிக்காமல் திரும்புவார். யாரு, என்ன உறவு, எப்படிப் போனாங்க என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். "கேட்டா அவங்க மறுபடி அழணும், எதுக்கு?" என்பார்.

இந்தக் கேள்வி வந்ததற்கும் ஒரு கதை உண்டு. முதலாளி புதிதாகக் கடை போட்ட காலம். பென்னாகரம் பக்கத்து ஆள் ஒருவர் ஒரு பெரியவரின் போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போனார். பெரியவருக்கு வயதும் இருந்தது, முகத்தில் ஒரு சோர்வும் இருந்தது. கேட்காமலேயே கொக்கியும் பல்பும் வைத்துவிட்டார்கள். டெலிவரி எடுக்க அந்தப் பெரியவரே வந்தார். முதலாளி பயந்து எழுந்து நின்றுவிட்டார். பெரியவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதுக்குப் பயப்படறீங்க? வெச்சது இருக்கட்டும். என்னைக்கா இருந்தாலும் ஆகும்ல" என்று துணியில் சுற்றிக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அன்றிலிருந்து கேட்காமல் ஒரு கொக்கிகூட அடித்ததில்லை. கேட்டால் தப்பே வராது என்று அவர் நம்பினார். பல வருடம் வரவும் இல்லை. அப்புறம் கமலாக்கா வந்தார்கள்.

கமலாக்கா அதியமான்கோட்டை. ஹைவேயை ஒட்டிப் புது வீடு கட்டியிருந்தார்கள். அவர்கள் வீட்டுக்காரர் சின்னசாமி, தக்காளியும் மஞ்சளும் போடுகிற விவசாயி. ஒரே பையன் கார்த்தி, பெல்ஜியத்தில் வேலை. நானும் கமலாக்காவும் ஒரே டவுன் பஸ்ஸில் போகிற பழக்கம். ஒரு நாள் நீளமான அட்டைக் குழாய் ஒன்றைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். உள்ளே சுருட்டி வைத்த படங்கள். அந்த நாட்டில் ஃப்ளெமிஷ் பேசுகிற பக்கத்தில், நானூறு, ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் வரைந்த ஓவியங்களின் அச்சு நகல்கள். நல்ல தடித்த தாள், நல்ல மை. தடவிப் பார்த்தாலே தெரியும்.

"பையன் அனுப்பினானாக்கா?" என்றேன்.

கமலாக்கா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்கள். "பையன் இல்ல சரசு. லீன்னு ஒரு பொண்ணு. அங்க ஒரு மியூசியத்துல வேல பாக்குது. அந்தக் கடையில விக்கற படமாம். கார்த்தி அந்தப் பொண்ணத்தான் கட்டிக்கறேங்கறான். இவருக்குத் தெரியாது."

சின்னசாமி அண்ணன் ஏற்கனவே ஒரு தடவை, டிவியில் ஏதோ செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது, "நம்மாளு எவனாச்சும் இப்படி வெளிநாட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு வந்தா, இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது" என்று சொல்லி வைத்திருந்தார். பொங்கலுக்குக் கார்த்தி வந்து நேரில் சொல்வதாக இருந்தான். அப்பா முடியாது என்றால் அவன் திரும்பிப் போய்விடுவான், இனி வரவும் மாட்டான். பையன் பிடிவாதமும் அப்பன் பிடிவாதமும் ஒரே அச்சு. நடுவில் கமலாக்கா.

"அதான் சரசு, ஒண்ணு யோசிச்சேன்" என்றார்கள். "மொதல்ல அந்தப் பொண்ணோட ஊரு வூட்டுக்குள்ள வரட்டும். செவுத்துல பாத்துப் பாத்து இவருக்குப் பழகட்டும். அப்புறம் பொண்ணு வந்தா புதுசா தெரியாதில்ல?"

நான் அசந்துபோனேன். கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்க வீட்டுக்கு வெள்ளை அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவரில் ஒரு தேசத்தையே மாட்டியவரை அன்றுதான் பார்த்தேன்.

எதை முதலில் மாட்டுவது என்பதில் கமலாக்கா ரொம்பத் தெளிவு. "மொதல்ல நெலம். அப்புறம் சோறு. ஆளுங்க மூஞ்சி கடைசியில." அதன்படி முதலில் அறுவடைப் படம் போனது. மஞ்சளாக விளைந்த கோதுமை, ஒரு பக்கம் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள், மரத்தடியில் சிலர் சாப்பிடுகிறார்கள், ஒருவன் காலைப் பரப்பிக்கொண்டு மல்லாந்து தூங்குகிறான். சின்னசாமி அண்ணன் சாயங்காலம் முழுக்க அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் பஸ்ஸில் கமலாக்கா அப்படியே சொன்னார்கள்: "'கதிரு நல்ல ஒயரம், தண்ணி வசதி இருக்கும்போல'ன்னாரு சரசு. அப்புறம், 'இப்படிக் காலப் பரப்பிக்கிட்டுப் படுத்தா எவன் கூலி குடுப்பான்'னாரு. ஆனா கழட்டச் சொல்லல!"

அடுத்தது கல்யாண விருந்து. அதில் இரண்டு பேர் ஒரு கதவைக் கழற்றி, அதன் மேல் சோற்றுத் தட்டுகளை வரிசையாக வைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "கதவக் கழட்டிட்டானுங்களே, நாயி உள்ள பூந்துடாதா?" என்று கேட்டாராம். மேசைக்கு அடியில் நாய் ஏற்கனவே நுழைந்திருப்பதை இரண்டு நாள் கழித்து அவரே கண்டுபிடித்து, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்தாராம். பனியில் வேட்டைக்குப் போய் வருகிறவர்கள் படத்துக்கு, "வெறுங்கையோட வர்றானுங்க, நாயிங்க மூஞ்சியே சரியில்ல" என்றார். சாப்பாட்டு அறையில் பாதி உரித்துத் தோல் தொங்கும் எலுமிச்சம்பழப் படம் மாட்டியதும், "யாருக்குச் சுத்திப் போட்டுட்டு இங்க வெச்சிருக்காங்க?" என்று ஒரு சுற்றுச் சுற்றி விலகிப் போனார். அது மட்டும் பயம். மற்றதெல்லாம் பழகிவிட்டது. கமலாக்கா முகத்தில் தெளிவு வந்துவிட்டது.

கடைசியில் மிச்சமிருந்தது ஒரு ஜோடிப் படம். தனித்தனித் தாள், தனித்தனிப் பிரேம். ஒன்றில் ரோமம் வைத்த அங்கி போட்ட பெரியவர், இன்னொன்றில் வெள்ளைத் துணியைத் தலைக்குக் கட்டிய அம்மா. இரண்டு பேரும் கை கூப்பியபடி இருந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே ஓவியனுக்குப் பணம் கொடுத்தவர்கள் இப்படிச் சாமியைக் கும்பிடுகிற மாதிரித் தங்களை வரையச் சொல்வார்களாம். லீன் போனில் சொல்லிக் கார்த்தி சொல்லிக் கமலாக்கா எனக்குச் சொன்னது. எனக்கு அந்த இரண்டு முகங்களையும் ரொம்பப் பிடித்திருந்தது. கண்ணாடியை நானே அறுத்து, துடைத்து, தயாராக வைத்துவிட்டு, பாலக்கோட்டில் என் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து என்று கிளம்பிப் போனேன்.

நான் இல்லாத அன்று, பிரேம் கலர் சொல்லக் கமலாக்கா கடைக்கு வந்திருக்கிறார்கள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. முதலாளி டேப்பைப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இருக்காங்களா?"

"எங்கங்க, அவங்கல்லாம் போயி எத்தனையோ காலம் ஆச்சு" என்றார்கள் கமலாக்கா. அதில் என்ன பொய் இருக்கிறது? "நம்ம பையன் இருக்கற ஊருக்காரங்க."

"பெரியவங்க ஆசீர்வாதம் இருக்கும்மா. நானே கொண்டாந்து மாட்டறேன்" என்றார் முதலாளி. என்ன மரியாதை பார் இந்த மனுசனுக்கு என்று நினைத்தபடி கமலாக்கா பஸ் ஏறிவிட்டார்கள். முகம் வெள்ளையாக இருக்கிறதே என்று முதலாளிக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வராது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக எத்தனையோ வெள்ளைக்காரப் பாதிரியார் படங்களுக்கு பல்பு வைத்தவர் அவர்.

காதுகுத்து முடிந்து, மறுநாள் மதியம் பாலக்கோட்டிலிருந்து நேராகக் கடைக்கு வந்தேன். முதலாளி குளித்த தலையோடு, விபூதியோடு, துக்க வீட்டுக்குப் போய் வந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். யார் வீட்டுக்கு என்று கேட்பதற்குள் போன் அடித்தது.

"சரசு! உங்க முதலாளியக் கூட்டிக்கிட்டு ஓடி வா. எங்க வூட்டுல எழவு நடக்குது!"

"அய்யோ, யாருக்கா?"

"யாரும் இல்ல சரசு! யாருமே சாவல! நீ வா!"

நடந்தது இதுதான். காலையில் முதலாளி படங்களோடு போனபோது கமலாக்கா நல்லம்பள்ளிச் சந்தைக்குப் போயிருந்தார்கள். சின்னசாமி அண்ணன் தக்காளிக் காட்டில். சாவி பக்கத்து வீட்டு அங்கம்மாவிடம். அங்கம்மா சின்னசாமி அண்ணனின் உடன்பிறந்த அக்கா. அந்த அம்மா சொல் தாண்டி அந்தக் குடும்பத்தில் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. ஒப்பாரி வைத்தால் அக்கம்பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் கேட்க வருவார்கள், அப்படிப்பட்ட குரல். முதலாளி தெற்குப் பார்க்க மாட்டுகிற மாதிரிச் சுவரைத் தேடி, இரண்டு படத்தையும் மாட்டி, மாலை போட்டு, பல்பை எரியவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டார். "யாருங்க இவங்க?" என்று அங்கம்மா கேட்டிருக்கிறார். "உங்க பையன் இருக்கற ஊருக்காரங்களாம்மா" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் அதற்கு மேல் பேசாமல் வந்துவிட்டார்.

மீதியை அங்கம்மாவே கூட்டிக்கொண்டார். தம்பி வீட்டு ஹாலில், மாலையும் பல்புமாக, வெளிநாட்டு ஆணும் பெண்ணும். உறவு இல்லாமல் யாராவது வீட்டில் அப்படி மாட்டுவார்களா? பையனுக்கு அங்கே கல்யாணம் ஆகியிருக்கிறது. பெண்ணைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் போய்விட்டார்கள். தம்பி துக்கத்தை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறான். அந்த இடத்திலேயே உட்கார்ந்து குரலை எடுத்துவிட்டார்.

முதலாளியின் வண்டியில் நாங்கள் போய் இறங்கியபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டாகிவிட்டது. ஆண்கள் துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சின்னசாமி அண்ணன், காட்டுச் சேறு காயாத காலோடு. வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கையை நீட்டுகிறார்கள், அவரும் தொட்டுத் தொட்டு அனுப்புகிறார். முகத்தில் துக்கமும் இல்லை, கோபமும் இல்லை. பஸ் மாறி ஏறிவிட்டவர் மாதிரி இருந்தார். உள்ளேயிருந்து அங்கம்மா குரல்:

"கண்ணுல பாக்காத சம்பந்தி, கையெடுத்துக் கும்புட்டு நிக்கறீங்களே... ஒரு வாய் சோறு எங்க வூட்டுல உண்ணாமப் போனீங்களே... பெத்தவங்க இல்லாத புள்ளைய எங்ககிட்ட வுட்டுட்டுப் போனீங்களே..."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். உண்மையாகவே அழுதார்கள். என் முதலாளி வாசலில் செருப்பைக் கழற்றியபடியே நின்றுவிட்டார். விஷயம் புரிந்துவிட்டது. "சரசு, கழட்டிரட்டுமா? கால்ல வுழுந்து சொல்லிரட்டுமா?" என்றார். எத்தனையோ வருடத்தில் அந்த மனுசனை அப்படிப் பார்த்ததில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினேன்.

கமலாக்கா சந்தைப் பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றார்கள். "இது வெறும் படம்னு போய்ச் சொன்னா ஊரே சிரிக்கும் சரசு. இவரு மானம் போகும். அப்புறம் ஜென்மத்துக்கும் லீன் பேச்ச எடுக்க முடியாது. சொல்லலேன்னா உசுரோட இருக்கற அவங்க அப்பா அம்மாவக் கொன்னவளா ஆவேன். நான் என்ன பண்ணட்டும்?" என்று அழுதார்கள். கண்ணாடி அறுக்கும்போது வாயை மூடிக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றேன்.

அப்போது சின்னசாமி அண்ணன் உள்ளே வந்தார். சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார். என்னைப் பார்த்தார், ஆனால் வெளியே போகச் சொல்லவில்லை.

"பையன் கல்யாணம் பண்ணிக்கிட்டானா?" என்றார்.

"இன்னும் இல்லீங்க" என்றார்கள் கமலாக்கா.

"இன்னுமா?"

கமலாக்கா வாயைப் பொத்திக்கொண்டார்கள். போய்விட்டது. இனி அள்ள முடியாது. நான் அரிசி டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். சின்னசாமி அண்ணன் இன்னொரு சொம்பு தண்ணீர் மொண்டார். இந்தத் தடவை குடிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அந்தப் பொண்ணோட அப்பா, அம்மா... இருக்காங்களா?"

"இருக்காங்க. நல்லா இருக்காங்க" என்று கமலாக்கா விம்மினார்கள். "பேரு லீன்ங்க. நல்ல பொண்ணு. ஹால்ல இருக்கற ரெண்டு பேரும் ஐந்நூறு வருசத்துக்கு முந்தி அந்த ஊருல இருந்தவங்க. இந்தப் படமெல்லாம் அந்தப் பொண்ணு அனுப்பினதுதான்."

"எல்லாமா? அந்தக் கோதுமக் காடு?"

"அதும்தான்."

ஹாலில் அங்கம்மா அடுத்த வரிக்குப் போயிருந்தார். சின்னசாமி அண்ணன் காதைக் கொடுத்துக் கேட்டார். "எங்கக்கா என்ன சொல்லுமோன்னுதான் நான் அன்னைக்கு அப்படிக் கத்தினேன் கமலா" என்றார். "எனக்கு அவதான பயம். இப்ப அவளே, பெத்தவங்க இல்லாத புள்ளைய நாமதான் பாத்துக்கணும்னு ஊரக் கூட்டி வெச்சு அழுவறா. இதுக்கு மேல நான் வேணாம்னா நான் மனுசனா?"

சொம்பை வைத்துவிட்டு ஹாலுக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். அந்த இரண்டு படத்துக்கும் எதிரில் நின்றார். அங்கம்மா பாட்டை நிறுத்திவிட்டார். சின்னசாமி அண்ணன் திரும்பி என் முதலாளியைப் பார்த்து, "இவங்க எதுக்குங்க கும்புட்டுக்கிட்டே இருக்காங்க?" என்றார்.

முதலாளிக்கு அந்த லீன் சொன்ன விளக்கமெல்லாம் தெரியாது. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். "அடுத்தவங்க வூட்டுக்கு வந்திருக்காங்க இல்லீங்களா. கும்புடாம எப்படி?"

சின்னசாமி அண்ணன் தலையாட்டினார். சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, அந்தப் பெரியவருக்கு ஒன்று, அந்த அம்மாவுக்கு ஒன்று, பதில் வணக்கம் சொன்னார். அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா, அழுவாத. இவங்க அந்த ஊரு மூத்தவங்க. போயி ஐந்நூறு வருசம் ஆச்சாம். சம்பந்திங்க நல்லா இருக்காங்க. பொங்கலுக்குப் பையன் வந்ததும் பேசி முடிக்கறோம். வந்த சனம் எல்லாம் சாப்புட்டுட்டுத்தான் போவணும்" என்றார்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஓவென்று அழுதேன். சிரிப்பை அடைத்திருந்த முந்தானை அழுகைக்கு உதவியது.

அங்கம்மா எழுந்து நின்றார். இடுப்பில் கை. "ஐந்நூறு வருசமா? அப்ப நான் காலையில இருந்து அழுதது?"

அந்த அம்மா இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, போவட்டும்" என்றார் கடைசியில். "இத்தன காலமா அழ நாதியில்லாமக் கெடந்திருப்பாங்க. அழுததுல எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? கமலா, பருப்பு வேக வெச்சியா?"

முதலாளி அன்று அந்த வீட்டில் காபி குடித்தார். நான் பார்க்க அவர் ஒரு படம் மாட்டிய வீட்டில் காபி குடித்தது அது ஒரு தடவைதான். கொக்கியையும் பல்பையும் கழற்றித் தருகிறேன் என்று எவ்வளவோ கெஞ்சினார். சின்னசாமி அண்ணன் கேட்கவில்லை. கடைக்குத் திரும்பும் வழியில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, "சரசு, இனிமே 'இருக்காங்களா'ன்னு மட்டும் கேட்டா பத்தாது. 'அவங்க உங்களுக்கு என்ன முறை வேணும்'னும் சேத்துக் கேக்கணும்" என்றார். அன்றிலிருந்து கடையில் இரண்டு கேள்வி. திவ்யா, நீ ஒன்றுதான் கேட்கிறாய். அதனால்தான் கத்தினேன்.

கல்யாணம் அதியமான்கோட்டையிலேயே நடந்தது. லீன் வீட்டிலிருந்து அப்பாவும் அம்மாவும் முந்தின நாளே வந்துவிட்டார்கள். கண்ணாடி வேலைக்காரி என்றாலும் எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள், நானும் முதல் வரிசையில் நின்றேன். அந்த அப்பா நிலைப்படியில் குனிந்து வருகிற உயரம். மகள் சொல்லிக் கொடுத்திருப்பாள் போல, வாசலிலேயே நின்று இரண்டு கையையும் கூப்பினார். அப்படியே சுவரில் இருக்கிற மாதிரி! அங்கம்மா ஓர் அடி பின்னால் போனார். அப்புறம் துணிந்து முன்னால் வந்து, அவர் முழங்கையைக் கிள்ளிப் பார்த்தார். "உசுரோடதான் இருக்காரு" என்று கூட்டத்துக்கு அறிவித்த பிறகுதான் ஆரத்தித் தட்டு வந்தது.

உள்ளே வந்தவர் ஒவ்வொரு சுவராகப் பார்த்துக்கொண்டே நடந்தார். கோதுமைக் காடு, கதவில் சோறு தூக்குகிற கல்யாணம், பனி, எலுமிச்சம்பழம். முகம் மலர்ந்துபோனது. ஜோடிப் படத்துக்கு எதிரில் வந்ததும் நின்றுவிட்டார். மாலையைப் பார்த்தார், எரிகிற சிவப்பு பல்பைப் பார்த்தார். மகளிடம் ஏதோ கேட்டார். லீன் கார்த்தியிடம் கேட்டாள். கார்த்தி திருதிருவென்று விழித்துவிட்டு அப்பாவிடம் கேட்டான்.

"அப்பா, இந்தப் படத்துக்கு மட்டும் எதுக்கு மாலையும் பல்பும்னு கேக்கறாரு. இவங்க நமக்கு என்ன உறவாம்?"

சின்னசாமி அண்ணன் தோளில் இருந்த துண்டைச் சரிசெய்தார்.

"உங்க பொண்ணக் கேட்டு நாங்க வரலீங்க. உங்க பக்கத்துல இருந்து மொதல்ல இவங்கதான் எங்க வூட்டுக்குப் பேச வந்தாங்க. அப்படிச் சொல்லு அவர்கிட்ட."

கார்த்தி சொன்னான். லீன் அதைத் தன் மொழியில் சொன்னாள். அந்த நெட்டை மனிதர் குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து, தன் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துக் கை கூப்பினார். பக்கத்தில் சின்னசாமி அண்ணனும் கூப்பினார்.